ஸ்கூல் பஸ் மஞ்சள்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளே. எங்கள் வீட்டு ஹாலுக்கு நான்கு வண்ணம் அடித்ததற்காக நான் இன்றுவரை யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. இனியும் கேட்கப் போவதில்லை. (வீட்டு ஓனரிடம் மட்டும் ஒரு தடவை கேட்டேன். அது சேர்த்தி இல்லை. வாடகைக்குக் குடியிருப்பவன் ஓனரிடம் மன்னிப்புக் கேட்பது, வாசலில் கோலம் போடுவது மாதிரி. தினமும் நடப்பதுதான்.)

இந்தக் கதையை என் மனைவி செல்வி வேறு மாதிரி சொல்வாள். "எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் சாமியாரா போயிட்டாரு தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பாள். அது தப்பு. நான் சாமியாராகப் போகவில்லை. வீட்டிலேயேதான் இருந்தேன். ஒரு மணி நேரம் அப்படி இருக்கும்படி ஆகிவிட்டது, அவ்வளவுதான். அவள் சொல்லிச் சொல்லி அதுவே நிஜமாகிவிடுவதற்குள் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து திரும்பினால் நாலாவது வாசல். தனி வீடு இல்லை. மூன்று மாடி அபார்ட்மெண்டில் தரைத்தளம். ஒரு ஹால், ஒரு சமையலறை, கட்டிலும் பீரோவும் போட்டதும் தீர்ந்துபோன ஒரு ரூம். இதில் நான், செல்வி, பெரியவள் கயல், சின்னவள் யாழினி, அப்புறம் செல்வியின் தையல் மெஷின். மெஷினையும் ஓர் ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். வீட்டில் எல்லோரையும்விட அதிகமாகச் சத்தம் போடுவது அதுதான்.

நான் வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மனு எழுதித் தருவேன், ஃபாரம் பூர்த்தி செய்து தருவேன். பத்தாவது படித்திருக்கிறேன். (இரண்டு தடவை. முதல் தடவை கணக்கு என்னை அனுப்ப மறுத்துவிட்டது.)

கயல் ஒன்பதாவது படித்தபோது ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். இந்திய வரைபடம் வரைந்து கொண்டுபோயிருந்தாள். நல்ல படம். ஆனால் முந்தின நாள் ஒரு அம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தபோது, செல்வி கைக்குக் கிடைத்த காகிதத்தில் எழுதியிருக்கிறாள். வங்காள விரிகுடா முழுக்க, "கை எட்டரை, கழுத்து ஆறு, கொக்கி பின்னால."

டீச்சர் படத்தை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டி, "என்னம்மா, இந்தியாவுக்குக் கொக்கி பின்னாலயா வைக்கப் போறீங்க?" என்று கேட்டாராம். அதிலிருந்து பள்ளியில் அவள் பெயர் கொக்கி கயல்.

"ஹால்ல தையல், ஹால்ல சாப்பாடு, ஹால்ல இவ குதிக்கிறது, ஹால்லயே நான் படிக்கிறது" என்று என் முன்னால் வந்து நின்றாள் கயல். "அடுத்த வருஷம் எனக்குப் பத்தாவதுப்பா. எனக்கு ரூமு கூட வேணாம். கதவு வேணாம். இது என் இடம், யாரும் வரக்கூடாதுன்னு ஒரே ஒரு இடம் குடு. போதும்."

"எனக்கும்" என்றாள் யாழினி. அவளுக்கு அப்போது மூன்றாவது. எது என்று தெரியாமலே எல்லாவற்றுக்கும் 'எனக்கும்' சொல்லும் வயசு.

"குடுக்கிறேன்டா" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஹாலைத் திரும்பிப் பார்த்தேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில் ஓர் இடத்தை எங்கிருந்து எடுப்பது?

அதே வாரம் மொபெட்டிலிருந்து விழுந்து கணுக்கால் வீங்கி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எங்கே என்று கேட்டேன். நர்ஸம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கீழ மஞ்சக் கோடு தெரியுதா? அதைப் புடிச்சிக்கினே போங்க. வந்துடும்."

தரையில் மஞ்சள், நீலம், பச்சை என்று கோடுகள். நொண்டிக்கொண்டே போனேன். வந்துவிட்டது. எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். சுவர் இல்லை, கதவு இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. வெறும் வண்ணம். ஆனாலும் எக்ஸ்ரேவுக்குப் போகிற ஒருத்தன்கூடப் பிரசவ வார்டுக்குள் போய் நிற்கவில்லை. நம் ஜனங்கள் சுவரையே ஏறிக் குதிப்பார்கள், கோட்டை மட்டும் மதிக்கிறார்கள். (நம்பாவிட்டால் கபடி பாருங்கள்.)

காலில் கட்டோடு வீட்டுக்கு வந்து, ஜெராக்ஸ் காகிதத்தில் திட்டம் போட்டேன். ஜன்னலோர மூலை கயலுக்கு: மஞ்சள். அதே சுவரின் அடுத்த மூலை செல்வியின் தையலுக்கு: நீலம். சமையலறைப் பக்கம் யாழினி விளையாட: பச்சை. வாசலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் சாமி அலமாரி இருக்கிறது, அதன் கீழேதான் சாப்பிடுவோம். அதற்குச் சிவப்பு மாதிரி ஏதாவது. எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும். கண்ணில் குத்தினால்தான் காலில் புரியும். இது என் கண்டுபிடிப்பு.

ஒரே ஒரு சிக்கல். வீடு ஜமால் பாயுடையது. நல்ல மனிதர். வீட்டைக் கொடுக்கும்போதே, "சுவத்துல ஒரு ஆணி இறங்கக் கூடாது சேகரு" என்று சொல்லித்தான் சாவியைத் தந்தார். பெயிண்ட் அடிக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. இந்த இடத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். சொல்லவே இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், டவுனில் எனக்குத் தெரிந்த ஒரே பெயிண்ட் கடையும் ஜமால் பாயுடையதுதான். வேறு கடைக்குப் போயிருக்கலாமே என்று செல்வி இன்றைக்கும் கேட்கிறாள். பழக்கம் இல்லாத கடையில் போய் ஏமாற எனக்கென்ன பைத்தியமா? (பழகின கடையில் போய்ப் பொய் சொன்னேன். அது வேறு.)

"யாருக்குப் பெயிண்ட்டு?" என்றார் பாய்.

"மச்சான் வீட்டுக்கு பாய். கீழ்பென்னாத்தூர்ல."

"சொந்த வீடா?"

"ஆமா பாய்."

"அப்ப சரி. என்ன மஞ்சள் வேணும்? சாமந்தி மஞ்சளா, எலுமிச்சையா, மாம்பழமா, ஸ்கூல் பஸ்ஸா?"

"பஸ்ஸே குடுங்க."

பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஹால்லயா? பஸ் மஞ்சளா? கூடவே இந்த நீலம், கிளிப்பச்சை எல்லாம் ஒரே ஹாலுக்கா? உன் மச்சானுக்குத் தைரியம் ஜாஸ்திப்பா. நல்லவேளை சொந்த வீடு. வாடகை வீட்டுல எவனாவது இதை அடிச்சான்னா, அந்த ஓனரு அவனைத் தொரத்தித் தொரத்தி அடிப்பான்."

"அடிக்கத்தான் செய்வான் பாய்" என்றேன்.

சிவப்புக்குக் கேட்டபோது அவரே மூலையிலிருந்து ஒரு பழைய டின்னை உருட்டிவந்தார். "பாதி டின்னு காவி கெடக்குது. கோயில் மண்டபத்து மதிலுக்குக் கலக்கினது, காண்ட்ராக்டர் மிச்சம்னு திருப்பிட்டான். உன் மச்சானுக்குச் சும்மா குடுத்தேன்னு சொல்லு. கோட்டுக்குக் கோடு டேப் ஒட்டி அடிக்கச் சொல்லு, அப்பதான் நேரா வரும்."

அந்தப் பாதி டின்தான் என் தலையெழுத்தை எழுதியது. அன்றைக்கு அதைச் சிரித்துக்கொண்டே மொபெட்டில் ஏற்றினேன்.

மே மாத லீவில் செல்வி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போனாள். (மச்சான் நிஜமாகவே அங்கே இருக்கிறார். பொய்யிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.) நான்கு நாள். திரும்பி வருவது பௌர்ணமி அன்று சாயங்காலம். போகும்போது கயலிடம், "நீ வரும்போது உன் இடம் ரெடியா இருக்கும்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "பாக்கலாம்ப்பா" என்றாள். அந்தப் 'பாக்கலாம்' என்னைத் தூங்க விடவில்லை.

கடையில் லீவு சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். முதல் நாள் மஞ்சள். பாய் கடைக் கலர் அட்டையில் தபால்தலை அளவுக்கு இருந்தபோது சாதுவாக இருந்த வண்ணம், சுவரில் ஏறியதும் ஹாரன் அடித்தது. இரண்டாம் நாள் நீலமும் பச்சையும். டேப் ஒட்டச் சொன்னாரே பாய், ஒட்டினேன். பெயிண்ட் கடை டேப் இல்லை. ஜெராக்ஸ் கடையில் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப். பிடித்து இழுத்தபோது டேப்போடு பாயின் பழைய பெயிண்ட்டும் வந்தது, அதன் அடியில் பூசியிருந்த பட்டியும் வந்தது, கொஞ்சம் சிமெண்ட்டும் வந்தது. மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவே சுவரில் ஒரு வாய்க்கால். பட்டியை அப்பி மூடி, அதன் மேல் அடிக்கப் போய் இரண்டு வண்ணமும் கலந்து, யாருக்கும் ஒதுக்காத ஒரு இரண்டாவது பச்சை உருவானது. அது இன்னும் இருக்கிறது. அதை நாங்கள் புறம்போக்கு என்கிறோம்.

தையல் மெஷின் மேல் சொட்டக் கூடாது என்று அதை ஹால் நடுவுக்கு இழுத்து, என் வெள்ளை வேட்டி ஒன்றால் தலை முதல் கால் வரை போர்த்திவிட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், தரையில் கோடு. கயலின் மூலையைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு, எனாமல் பெயிண்ட்டில், மஞ்சள் கோடு. இதற்கு மட்டும் அவசரப்படவில்லை. முட்டி போட்டு, ஸ்கேல் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். நான்கு நாளில் நான் நேராகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

நான்காம் நாள் காவி. பெரிய சுவர், பாதி டின். நடுவிலேயே தீர்ந்துபோகும் என்று தெரிந்தது. கடைக்குப் போனால் பாய், "மச்சான் வீட்டுச் சுவரு எவ்வளவு பெருசு?" என்று கேட்பார். அதனால் மூளையைப் பயன்படுத்தினேன். ஒரு பட்டை காவி, ஒரு பட்டை வெள்ளை. ஒரு பட்டை காவி, ஒரு பட்டை வெள்ளை. காவி மிச்சம், பார்க்கவும் அழகு. தள்ளி நின்று பார்த்தபோது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று அப்போது தோன்றவில்லை. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்து, தினமும் பத்துக் கோயில் மதில் சுவரைத் தாண்டி வேலைக்குப் போகிறவனுக்குத் தோன்றவில்லை!

மணி மூன்றரை. ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பெயிண்ட் நாற்றம் தலையைச் சுற்றியது. வாசல் கதவை முழுசாகத் திறந்து வைத்தேன். சாமி படங்களைத் துடைத்து அலமாரியில் வைத்து விளக்கேற்றினேன். நாற்றம் போக ஒரு கட்டு ஊதுபத்தியைக் கொளுத்தினேன். போதாது என்று சாம்பிராணியும் போட்டேன். பிறகு உடம்பெல்லாம் ஒட்டியிருந்த பெயிண்ட்டைத் தேய்த்துக் குளிக்கப் போனேன்.

அது பௌர்ணமி. எங்கள் வாசலிலிருந்து நாலு வாசல் தள்ளிக் கிரிவலப் பாதை. ஊரே நடந்துகொண்டிருக்கிறது. நான் உள்ளே சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

குளித்துவிட்டு, ஈர வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறைய விபூதியோடு வெளியே வந்தால், ஹாலில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் வேறு வீட்டுக்குள் வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் குளியலறையைத் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் பெரிய பை வைத்திருந்த ஓர் அம்மா கைகூப்பி எழுந்துவிட்டார்.

"சாமி, நாங்க விழுப்புரத்துப் பக்கம். வருஷா வருஷம் வர்றோம், இந்தக் கோயிலை இத்தனை நாளா பாக்கலையே! புதுசுங்களா?"

"அம்மா, இது கோயில் இல்லீங்க. வீடு."

அந்த அம்மா உருகிப்போய்ப் பின்னால் திரும்பினார். "கேட்டீங்களாடி? வீடாம்! எல்லாமே அவன் வீடுதானே சாமி!"

"ஐயோ, அப்படி இல்லீங்க. இது வாடகை வீடு."

அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "நாம எல்லாருமே வாடகைக்குத்தானே சாமி வந்திருக்கோம்!"

பின்னாலிருந்த மூன்று பேர் என் காலில் விழுந்தார்கள். ஒருத்தர் என் கணுக்காலில் இன்னும் அவிழ்க்காத ஆஸ்பத்திரிக் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் தத்துவமாகிப் போனது. "ஓனர் வந்தா திட்டுவாரு" என்றேன். "அவன் வர்றப்ப யாரு தப்ப முடியும்?" என்றார் ஒரு பெரியவர். "தயவு செஞ்சி வெளிய போங்க" என்றேன். "எங்க போறது சாமி, அதைத்தானே தேடுறோம்" என்றது ஒரு குரல். வாயைத் திறக்காமல் நின்று பார்த்தேன். "மௌனசாமி" என்றார்கள்.

வேட்டி போர்த்திய தையல் மெஷினைப் பயபக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றினார்கள். திரை போட்டிருக்கிறார்களாம், அபிஷேகம் முடிந்துதான் திறப்பார்களாம். ஒருத்தர் அதன் மேல் மல்லிகைச் சரத்தை வைத்தார். வாசலில் நின்ற பேன்ட் சட்டைக்காரர் ஒருவர் விவரமானவர். சுவர்களைச் சுட்டிக் காட்டித் தன் கூட்டத்துக்கு விளக்கினார்.

"மஞ்சள் குரு, பச்சை புதன், நீலம் சனி, செவப்பு செவ்வாய். பாத்தீங்களா? மீதி அஞ்சு கிரகத்துக்கு இன்னும் வேலை நடக்குது."

கோயில் சுவர் என்றால் தொட்டுக் கும்பிடுவார்கள் அல்லவா? காவி காயவில்லை. தொட்டவர்கள் கையில் காவி, அவர்கள் நெற்றியில் காவி. நெற்றிக் காவியோடு அவர்கள் வெளியே போனதும், பார்த்தவர்கள் உள்ளே வர ஆரம்பித்தார்கள். வரிசை ஒன்று உண்டாகிவிட்டது. வரிசை உண்டானதும், எதற்கு என்றே தெரியாதவர்களும் சேர்ந்தார்கள். அன்னதானம் என்று யாரோ சொன்னதால் தொன்னையோடு இரண்டு பேர் நின்றார்கள்.

இந்த நேரத்தில் வாசலில் செல்வியின் குரல் கேட்டது.

"யோவ், தள்ளுய்யா! உள்ள போகணும்!"

"எல்லாரும் உள்ளதாம்மா போகணும். வரிசையில வா."

"என் வூட்டுக்கு நான் எதுக்குய்யா வரிசையில வரணும்?"

"அதான் சாமி சொல்லிட்டாரே, எல்லாரு வூடுந்தான்னு. புள்ளைங்களைப் புடிச்சிக்கினு பின்னால போயி நில்லும்மா."

செல்வி வரிசையில் நின்றுதான் வந்தாள். (இதை அவள் சொல்லும்போது விட்டுவிடுவாள்.) உள்ளே வந்து, நான்கு சுவரைப் பார்த்தாள். மல்லிகைப்பூ சூடிய தன் மெஷினைப் பார்த்தாள். கடைசியாக, ஈர வேட்டியில் கையைக் கூப்பியபடி நிற்கும் என்னைப் பார்த்தாள்.

"நாலு நாளு" என்றாள். "நாலே நாளு ஊருக்குப் போனேன்."

நான் அவளைப் பார்க்கவில்லை. கயலைத்தான் பார்த்தேன்.

கயல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மஞ்சளையே பார்த்தபடி நின்றாள். ஜன்னலோரம், கோட்டுக்கு உள்ளே, பெரிய பை அம்மா கால் நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இன்னும் மூன்று பேர். ஊரெல்லாம் என்னைச் சாமி என்று கும்பிட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவளுக்கென்று ஒரே ஓர் இடம் கேட்டாள். அதிலும் நாலு பேரை உட்கார வைத்துவிட்டேனே!

கயல் கோட்டின் ஓரம் போய் நின்றாள்.

"பெரிம்மா, இது என் இடம். படிக்கணும். கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க."

அந்த அம்மா கீழே பார்த்தார். மஞ்சள் கோடு. தலையை நிமிர்த்தி மஞ்சள் சுவரைப் பார்த்தார். "அய்யய்யோ, கோடு போட்டிருக்கே, பாக்கலியேம்மா!" என்று சட்டென்று எழுந்து, மற்ற மூவரையும் எழுப்பி, கோட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தார். "ஏய், அந்தப் பக்கம் போவாதீங்கடி, அது படிக்கிற பொண்ணோட இடம்."

கயல் உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். பிள்ளைகளே, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அந்த ஹாலில் அப்போது இருபது பேர் இருந்தார்கள். வாசலில் அதற்கு மேல். ஒருத்தர் கால்கூட அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. விழுப்புரத்துக்காரர்கள் விளிம்பில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள், உள்ளே கை வைக்கவில்லை. என்னை இன்றைக்கும் முட்டாள் என்று சொல்கிற எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் அந்த ஒரு கால்மணி நேரம்தான்.

அந்தக் கால்மணி நேரத்துக்குப் பிறகு ஜமால் பாய் வந்தார். 'உங்க வீட்டைக் கோயிலாக்கிட்டாங்க பாய்' என்று யாரோ போன் போட்டிருக்கிறார்கள். கூட்டம் அவருக்கு வழிவிட்டது. வாசலில் நின்று நிதானமாக ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். பஸ் மஞ்சள். நீலம். கிளிப்பச்சை. பாதி டின் காவி.

"சேகரு" என்றார். "கீழ்பென்னாத்தூரு ரொம்பக் கிட்ட வந்துடுச்சே."

நிஜமாகவே மௌனசாமியாகிவிட்டேன்.

"இவருதான் ஓனருங்க" என்றேன் கடைசியில், பெரிய பை அம்மாவைப் பார்த்து.

அவர் பாயை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாலுமே வாடகை வீடா?" என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கை காவியானது. "அப்ப இது?"

"பெயிண்ட்டும்மா" என்றார் பாய். "நல்ல கம்பெனி. மழைக்குக்கூடப் போவாது."

அந்த அம்மா மறுபடி தன் கையைப் பார்த்தார். பிறகு அந்த அம்மா சிரித்தார் பாருங்கள், முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர. அவர் சிரித்ததும் கூட்டமே சிரித்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. எதிர்க் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு கேன் தண்ணீர் வரவழைத்தார். "என் வீட்டுக்கு வந்தவங்க, தொண்டை காஞ்சு போகக் கூடாது" என்று தானே ஊற்றிக் கொடுத்து, எல்லோரையும் அனுப்பிவைத்தார். தொன்னையோடு நின்ற இருவருக்கும் தொன்னையிலேயே ஊற்றினார்.

எல்லோரும் போனதும் என் பக்கம் திரும்பினார். "பொய் சொன்னே பாரு, அதுதான் எனக்கு வருத்தம். நாளைக்கே ஆளைக் கூட்டியாந்து எல்லாத்தையும் வெள்ளையாக்கிடு. இல்லாட்டி வேற வீடு பாத்துக்கோ."

"பொய் சொன்னது தப்பு பாய். மன்னிச்சிடுங்க" என்றேன். (ஆரம்பத்தில் சொன்னேனே, அந்த ஒரு தடவை இதுதான். கவனியுங்கள், பொய்க்குத்தான் கேட்டேன், வண்ணத்துக்கு இல்லை.) "காவியை எடுத்துடறேன். நீலம், பச்சையையும் எடுத்துடறேன். மஞ்சளை மட்டும் எடுக்க மாட்டேன்."

செல்வி என் துண்டைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.

"என்னப்பா சொன்னே?" என்றார் பாய்.

"மாட்டேன்னு சொன்னேன் பாய். அது அவ ரூமு."

"எது ரூமு? சுவரு எங்க? கதவு எங்க?" என்று கேட்டபடியே ஜன்னல் பக்கம் நடந்தார். வலது காலைத் தூக்கி மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கப் போனார்.

"மாமா" என்றாள் கயல், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். "கேட்டுட்டு வரணும்."

பாயின் கால் அந்தரத்திலேயே நின்றது. கோட்டைப் பார்த்தார். கயலைப் பார்த்தார். சொந்த வீட்டில், ஒற்றைக் காலில், கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு காலைப் பின்னால் எடுத்து வைத்தார்.

"வரலாமாம்மா?"

"இப்ப வேணாம் மாமா. படிக்கிறேன்."

பாய் என்னிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "பத்தாவது ரிசல்ட்டு வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

பத்தாவது ரிசல்ட் வந்தது. பன்னிரண்டாவது ரிசல்ட்டும் வந்துவிட்டது. மஞ்சள் இருக்கிறது. 'கொக்கி' என்ற பெயர் எப்போது போனதென்று அவளுக்கே தெரியாது. நீலத்தையும் பச்சையையும்கூட பாய் மறந்துவிட்டார், அல்லது மறந்த மாதிரி இருக்கிறார். காவிக்கு மட்டும் மூன்று கோட்டிங் வெள்ளை அடித்தேன். மழை பெய்து சுவர் ஈரம் வாங்கினால் பட்டை பட்டையாக மறுபடி தெரியும். அதனால் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசல் கதவைச் சாத்தி வைக்கிறோம். பெரிய பை அம்மா மட்டும் வருஷம் ஒரு தடவை வந்து தட்டுவார். "வாடகை சாமி இருக்காரா?" என்பார். தண்ணீர் குடித்துவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டுப் போவார்.

வீட்டில் இப்போது யாரும் 'அங்கே', 'இங்கே' என்று சொல்வதில்லை. கத்தரிக்கோல் நீலத்தில் இருக்கும், பந்து பச்சையில் கிடக்கும், தொலைந்ததெல்லாம் புறம்போக்கில் கிடைக்கும். ஹாலை யார் பெருக்குவது என்று சண்டை வந்தால் யாழினி கையைக் கூப்பி, "எல்லாமே அவன் வீடுதானே சாமி" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவாள். நான் எப்போதாவது கோபமாகப் பேசாமல் இருந்தால், செல்வி சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "மௌனசாமிக்கு ரசம் ஊத்தட்டுமா?" என்பாள். சிரித்துக்கொள்ளட்டும். பெரிய பெரிய வீட்டில் ஆளுக்கொரு ரூமும் ரூமுக்கொரு பூட்டும் வைத்திருப்பவர்கள் பிள்ளைகளிடம், 'வரலாமா' என்று கேட்டுவிட்டா உள்ளே போகிறார்கள்? எங்கள் வீட்டில் ஓனரே கேட்டுவிட்டு வெளியிலேயே நின்றார்.

கயல் இப்போது வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்தாள்.

"அப்பா, ரூமுல ஆறு பேரு. என் கட்டில் மேல எல்லாரும் ஈரத் துணி காயப் போடுறாளுங்க. ஒரு சின்ன டின்னு வாங்கி அனுப்புறியா? என்ன கலருன்னு உனக்கே தெரியும்."

அன்று சாயங்காலமே பாய் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருஷமாக அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"எந்த ஊருக்குப்பா பெயிண்ட்டு?"

"இந்தத் தடவை நெசத்தைச் சொல்றேன் பாய். வேலூருக்கு. கயல் ஹாஸ்டலுக்கு."

"ஹாஸ்டல்காரங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது பாய்."

பாய் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு டின்னை எடுத்துவந்து மேஜை மேல் வைத்தார். மூடியில் ஒரு சொட்டு மஞ்சள். பக்கத்தில் ஒரு சுருள் டேப்பையும் வைத்தார்.

"இந்தத் தடவையாவது" என்றார், "ஒழுங்கான டேப்பு ஒட்டச் சொல்லு."